அனெல்கா எந்த அணியிலும் நிலைக்காதது ஏன்?

கேள்வி: பிரெஞ்சு கால்பந்து ஆட்டக்காரர் நிக்கோலா அனெல்கா ஆர்சனல், ரியல் மாட்ரிட், லிவர்பூல், செல்சி, யுவென்டஸ் எனப் பெரிய அணிகள் பலவற்றில் ஆடியும் எங்கும் நிலைத்து நிற்கவில்லை. இதற்குக் காரணம் அவருடைய குணமா, ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் சந்தையின் போக்கா?

மறுமொழி 1: தொடக்கத்தில் சந்தைக்கே பெரும்பங்கு உண்டு. 1997இல் பாரிஸ் சான் ஜெர்மானிடமிருந்து ஏறத்தாழ 5 லட்சம் பவுண்டுக்கு ஆர்சனல் வாங்கிய அந்த இளைஞரை, இரண்டே ஆண்டுகளில் 2 கோடி பவுண்டுக்கும் மேல் கொடுத்து ரியல் மாட்ரிட் அழைத்துச் சென்றது. இருபது வயதில் அந்த விலையைச் சுமப்பது எளிதன்று. அங்கே பயிற்சிக்கு வர மறுத்துத் தடைக்கு உள்ளானார் என்பது உண்மைதான். ஆனால் அதே பருவத்தில், ஐரோப்பிய அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் தொடரின் அரையிறுதியில், பயர்ன் மியூனிக்குக்கு எதிரான இரு ஆட்டங்களிலும் கோல் அடித்தவரும் அவரே.

மறுமொழி 2: 'எங்கும் நிலைக்கவில்லை' என்பது செல்சிக்குப் பொருந்தாது. 2008 ஜனவரி முதல் நான்கு ஆண்டுகள் அங்கே ஆடினார். 2008-09 பருவத்தில் 19 கோல்களுடன் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியையும் பெற்றார். ஆனால் பலரும் நினைவில் வைத்திருப்பதோ, 2008 சாம்பியன்ஸ் லீக்கின் மாஸ்கோ இறுதிப்போட்டியில் அவர் உதைத்த பெனால்டியை மான்செஸ்டர் யுனைடெட் கோல்காப்பாளர் வான் டெர் சார் தடுத்ததை மட்டுமே. (இது அநியாயம் என்பது என் கருத்து.)

மறுமொழி 3: குணத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2010 உலகக் கோப்பையில் மெக்சிகோவுடனான ஆட்டத்தின் இடைவேளையில் பயிற்சியாளர் டொமெனெக்குடன் மோதியதால், தொடரின் நடுவிலேயே பிரெஞ்சு அணியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். அத்தகையவரையே இந்தியக் கால்பந்து அணியான மும்பை சிட்டி 2015இல் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் அமர்த்தியது.