தொடை எலும்புக்கு பிளேட் வைத்த நாய் ஓடத் துடிக்கிறான், அவிழ்த்து விடலாமா?

சுட்டிமணி:
எங்கள் மணிக்கு நாலு வயசு. வண்டி மோதிப் பின்னங்கால் தொடை எலும்பு முறிந்து, பிளேட் வைத்து ஆபரேஷன் ஆயிற்று. இது மூன்றாவது வாரம். தையல் பிரித்தாயிற்று. காலை ஊன்றுகிறான், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எம்பிக் குதிக்கிறான். டாக்டரோ எட்டாவது வாரம் எக்ஸ்ரே பார்க்கும்வரை கூண்டும் கயிறும்தான் என்கிறார். ராத்திரியெல்லாம் கம்பியைப் பிறாண்டுகிறான். "வலியே இல்லாதவனை ஏண்டா அடைச்சு வைக்கிறே" என்று அம்மா தினமும் சண்டை. கொஞ்ச நேரமாவது விடலாமா? அந்தத் தொடை வேறு இளைத்துப் போய்க் கிடக்கிறது.

முரட்டுமீசை:
விடாதீங்க. வலி போவது வேறு, எலும்பு கூடுவது வேறு. முறிந்த முனைகளை பிளேட் அசையவிடாமல் பிடித்திருக்கிறது, அதனால்தான் வலி தெரியவில்லை. வளர்ந்த நாய்க்கு எலும்பு கூடுவதற்கு 8 முதல் 12 வாரம் பிடிக்கும், குட்டிகளுக்குத்தான் சீக்கிரம். அதற்குள் சோபாவிலிருந்து ஒரு தாவல் போதும், திருகாணி கழன்று பிளேட் வளைந்துவிடலாம். இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடச் சிக்கல்.

வலி இருந்தால் அடங்கிக் கிடப்பான் என்று மருந்தை நிறுத்தச் சொல்பவர்களும் உண்டு. கொடுமை அது. சாந்தப்படுத்தவே தனி மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். நாம் வலிக்குப் போடும் இபுபுரோஃபன் மட்டும் வேண்டவே வேண்டாம். நாயின் வயிறும் சிறுநீரகமும் கெட்டுவிடும்.

வாலாட்டி:
என் நாய்க்கு நேர்மாறாக, சீக்கிரமே நடக்க வையுங்கள் என்றார்களே?

முரட்டுமீசை:
இடுப்பு மூட்டின் பந்தை வெட்டி எடுத்த ஆபரேஷனா? அதில் ஒன்றுசேர வேண்டிய எலும்பே இல்லை. நடக்காவிட்டால் மூட்டு இறுகிப்போகும். மணி கதை வேறு.

வாலாட்டி:
ஆமாம், அதேதான்.

முரட்டுமீசை:
சுட்டிமணி, தொடை இளைத்தது காலைப் பயன்படுத்தாததால். டாக்டர் அனுமதித்த நேரத்துக்குள், கயிற்றைக் குட்டையாகப் பிடித்து ரொம்ப மெதுவாக நடத்துங்கள். வேகமாகப் போனால் கள்ளப்பயல் மூன்று காலிலேயே சமாளித்துவிடுவான். மெதுவாகப் போனால்தான் நாலாவதையும் ஊன்றுவான். வழுக்குத் தரையில் பாய் விரியுங்கள். பழைய துண்டைச் சுருட்டி உள்ளே தீனியை ஒளித்துக் கூண்டுக்குள் போடுங்கள், மோப்பம் பிடித்தே களைத்துவிடுவான். ஊன்றிய காலைத் திடீரென்று தூக்கிக்கொண்டால் எட்டாவது வாரம்வரை காத்திருக்காதீங்க, அன்றைக்கே காட்டுங்கள்.

சுட்டிமணி:
அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்போ பாயை நானே எடுத்துத் தர்றேன்" என்கிறாள்.