பள்ளத்தாக்குக்குக் கீழே அடுக்கு தொய்ந்து நிற்கிறது, ஏன்?

கொட்டியார்:
திருகோணமலைக் கடலடிப் பள்ளத்தாக்கின் ஆழ அளவுகளை வைத்துச் சைஸ்மிக் (ஒலி அனுப்பி அடுக்குகளில் பட்டு வரும் எதிரொலியைப் பதியும்) அளவைக்கு மாதிரித் தரவு செய்து, முப்பரிமாண டைம் மைகிரேஷன் (எதிரொலிகளை அவை வந்த இடத்துக்கு நகர்த்தி, நேர அளவில் படமாக்குவது) ஓட்டினோம். தட்டையாக வைத்த அடுக்கு பள்ளத்துக்கு நேர்கீழே அரைச் செக்கனுக்கு மேல் இறங்கிக் கிடக்கு. சுவர்களுக்குக் கீழே படமே கிழிந்திருக்கு. எங்கே திருத்துவது?

உவர்மலை:
தொய்வு எதிர்பார்த்ததுதான். நீரில் ஒலி வேகம் 1500 மீ/செ, பக்கத்து மண்ணில் 2500 என்று வையுங்கோ. 1000 மீற்றர் வெட்டில் போய்வர நீருக்கு 1.33 செக்கன், மண்ணுக்கு 0.80. மிச்சம் 0.53, அதுதான் உங்கட தொய்வு.

டைம் மைகிரேஷன் சுவரில் கதிர் முறிவதைக் கணக்கில் எடுக்காது. வேக மாதிரியை வைத்துக் கதிரின் முறிவையும் கணக்கிட்டு ஆழ அளவில் படமாக்கும் டெப்த் மைகிரேஷனுக்குப் போங்கோ. கடலடியைச் சைஸ்மிக் படத்தில் கையால் குறிக்காதேங்கோ, செங்குத்துச் சுவரில் அது கட்டாயம் பிசகும். மல்டிபீம் (கப்பலிலிருந்து பல ஒலிக்கற்றைகளால் கடலடி ஆழம் அளப்பது) அளவை எடுத்து வேக மாதிரியில் பூட்டிவிடுங்கோ. இல்லாவிட்டால் டோமோகிராபி (பயண நேரங்களிலிருந்து வேகத்தைத் திருத்தும் கணக்கு) அந்தப் பிழையைக் கீழடுக்கின் வேகத்தில் கொண்டுபோய்க் கொட்டும்.

உண்மைத் தரவென்றால் நீருக்கும் ஒரே வேகம் போதாது: இந்தக் கடலில் மேல்நீர் 1540 அளவு, ஆயிரம் மீற்றருக்குக் கீழே 1490களுக்கு இறங்கும்.

சல்லி:
அண்ணை சொன்னது சரி, ஆனால் கிழிசலுக்கு வேகம் மட்டும் காரணமில்லை. 1500 மீற்றர் நீரில் கடலடி 2 செக்கனில் வரும், அதன் மல்டிபிள் (நீருக்குள் இரண்டாம் முறை போய்வரும் எதிரொலி) 4 செக்கனில், தேடுகிற அடுக்கின் மேலேயே வந்து விழும். சுவரில் பட்டுப் பக்கத்தால் வருவதை இருபரிமாண மல்டிபிள் நீக்கம் கணிக்காது, முப்பரிமாணமே வேண்டும். அதற்கு முன் ஸ்ட்ரீமர்களுக்கு (கப்பல் இழுக்கும் ஒலிவாங்கிக் கேபிள்கள்) இடையிலான 100 மீற்றர் இடைவெளியை இன்டர்போலேட் பண்ணி (பக்கத்துத் தரவிலிருந்து கணித்து) நிரப்புங்கோ. கணித்த மல்டிபிளைத் தரவிலிருந்து கழிக்கும் பில்டரை நீட்டினால் உண்மையான அடுக்கையும் தின்றுவிடும்.

கடலில் அளக்கும்போது இன்னொரு தலையிடி நீரோட்டம். 6 கிலோமீற்றர் கேபிள் 10 பாகை விலகினால் வால் ஒரு கிலோமீற்றர் தள்ளிப்போகும். அதனால் தரவில் விழும் ஓட்டைகளைக் கப்பலைத் திரும்ப ஓட்டித்தான் அடைக்கவேண்டும்.

கொட்டியார்:
நன்றி. டெப்த் மைகிரேஷனுக்குக் கிர்ச்சாஃப் (கதிர் வழியே கணக்கிடும் முறை) போதுமா, ஆர்டிஎம் (முழு அலையையும் நேரத்தில் பின்னோக்கி ஓட்டும் முறை) வேணுமா?

உவர்மலை:
சுவருக்குக் கீழே ஒரே புள்ளிக்குப் பல வழியால் அலை வருகிறது. வழமையான கிர்ச்சாஃப் அதில் ஒன்றைத்தான் எடுக்கும். வேக மாதிரியைக் கிர்ச்சாஃபிலேயே திருத்துங்கோ, கடைசிப் படத்துக்கு மட்டும் ஆர்டிஎம். முதலில் 25 ஹேர்ட்ஸ் அதிர்வெண் வரை ஓட்டிப் பாருங்கோ. 50 ஆக்கினால் கணினி வேலை 16 மடங்கு.