ஆயா வீட்டுக் குழு: ஞாயிறு திருக்கழுக்குன்றம்

சேகர் சித்தப்பா: (வீடியோ, பல முறை பகிரப்பட்டது) திருக்கழுக்குன்றத்தில் கழுகு மறுபடியும் வந்துவிட்டதாம். எல்லோருக்கும் அனுப்பவும் 🙏

விஜயா அத்தை: வேதகிரீஸ்வரா 🙏🙏

விஜயா அத்தை: அம்மாவிடம் காட்டினேன். அழுதுவிட்டது

பெரியப்பா: அப்போ பேரனுக்கு மொட்டை அங்கேயே. ஞாயிறு. திருத்தணி வேண்டாம்

செல்வி சித்தி: வேண்டுதல் திருத்தணிக்குத்தானே?

பெரியப்பா: வேண்டியது யார்

செல்வி சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தினேஷ் அண்ணன்: 20 சீட்டு வேன் பேசட்டுமா

விஜயா அத்தை: 12 மணிக்குள் மலை ஏறிவிட வேண்டும். உச்சி வேளைக்குத்தான் கழுகு வரும். அம்மாவும் அப்பாவும் கல்யாணமான புதிதில் போய்ப் பார்த்தார்கள்

கயல்: அத்தை, இது திருக்கழுக்குன்றம் இல்லை. பின்னால் பனிமலை தெரிகிறது

சேகர் சித்தப்பா: மேகம்

கயல்: மலையை விடுங்கள் சித்தப்பா, தலையைப் பாருங்கள். கழுத்து நீளம். தலை ஒடுங்கி நீண்டிருக்கிறது. கழுத்தடியில் இறகு வளையம். இது இமயமலைப் பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகில் ஒரு வகை. 8 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். ஆயா பார்த்தது மஞ்சள்முகப் பாறு. வெள்ளை உடம்பு, மெல்லிய அலகு, 2 கிலோ அளவுதான்.

தினேஷ் அண்ணன்: வேன் ஏசியா, ஏசி இல்லாததா

விஜயா அத்தை: எல்லாம் கழுகுதானே கயல்

கயல்: இல்லை அத்தை. காட்டில் ஒரு மாடு செத்துக் கிடந்தால் எல்லாப் பாறும் ஒரே இடத்தில் வாய் வைப்பதில்லை. செம்முகப் பாறுக்கு மண்டை அகலம், அலகு தடிப்பு. தாடைத் தசை வலுவாகப் பிடித்துக்கொள்ள அந்த மண்டையில் இடம் இருக்கிறது. தோலையும் தசைநாரையும் கிழிப்பது அது. வெண்முதுகு, கருங்கழுத்து, இந்த வீடியோவில் இருப்பது, இவை மூன்றும் ஒரே பேரினம், நெருங்கிய சொந்தம். மண்டை நீண்டு ஒடுங்கியது. தலையை வயிற்றுக்குள் விட்டு மெத்தென்ற சதையை இழுத்து விழுங்கும். சதை வழுக்காமல் இருக்க நாக்கில் உள்நோக்கிச் சாய்ந்த முட்கள் உண்டு. மஞ்சள்முகப் பாறு சின்னது, முண்ட முடியாது. ஓரமாக நின்று எலும்பிடுக்கில் மிஞ்சியதை எடுக்கும். அதற்குத்தான் அந்த ஊசி அலகு.

பெரியப்பா: சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன் அம்மா

செல்வி சித்தி: சரிதானே. காசிமேட்டில் வஞ்சிரம் வெட்டுகிற கத்தியால் நெத்திலி ஆய முடியுமா

கயல்: அதேதான் சித்தி!! இன்னொன்று கேளுங்கள். அமெரிக்கக் கண்டத்துப் பாறுகள் வேறு வம்சம், நம் பாறுகளுக்கு நெருங்கிய சொந்தமே இல்லை. அங்கேயும் கிழிப்பது, விழுங்குவது, பொறுக்குவது என்று இதே மாதிரி மண்டைகள் தனியாக உருவாகியிருக்கின்றன. எலும்பை அளந்தால் சொந்தத்தைவிடச் சாப்பாடுதான் தூக்கலாகத் தெரிகிறது.

பெரியப்பா: அதனால்தான் சேகருக்கு எண்ணூர் போன பிறகு மாமனார் முகம் வந்துவிட்டது 😄

சேகர் சித்தப்பா: அண்ணா

செல்வி சித்தி: எங்கள் அப்பா சோறு போட்டார். மறக்கவில்லை

விஜயா அத்தை: பழசு வேண்டாம். கயல், காசிமேட்டில் தினமும் சுற்றுகிறதே, அதுவும் இதுதானா?

கயல்: அது பருந்து அத்தை. படகில் குடலை வீசும்போது கவனியுங்கள். காலால் கவ்வி மேலே போய், பறந்தபடியே காலை முன்னால் மடக்கி அலகுக்குக் கொடுக்கும். பாறுக்கு அந்தப் பிடி கிடையாது. விரல் தட்டை, நகம் மழுங்கல். நிற்க, நடக்க, இரையை மிதித்து இழுக்க மட்டும்தான் கால்.

விஜயா அத்தை: (குரல் பதிவு 0:38)

விஜயா அத்தை: அம்மா பேசியது. கேட்காதவர்களுக்கு: இரண்டு வந்ததாம். பாறையில் நடந்தே பண்டாரத்திடம் வந்ததாம். கையிலிருந்த பொங்கலைத் துளித்துளியாக எடுத்ததாம், கையில் படவே இல்லையாம்

கயல்: கேட்டேன் அத்தை. இரண்டு முறை கேட்டேன். துளித்துளியாக என்றது அந்த அலகைத்தான். முட்டை, பூச்சி, மாட்டுச் சாணம் வரைக்கும் அது தின்னும். முகத்து மஞ்சளே சாணத்திலிருந்து கிடைக்கும் நிறமிதான். அதனால்தான் நெய்ச் சோற்றுக்கும் வந்தது. வீடியோவில் இருக்கும் பெரியது பொங்கலுக்கு வராது. ஆயாவிடம் கழுகு வந்துவிட்டது என்று சொல்லாதீர்கள், ஆயா ஏறிப்போய் வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும். தொண்ணூறுகளோடு அங்கே வரவு நின்றுபோனது.

சேகர் சித்தப்பா: கலி

கயல்: கலி இல்லை சித்தப்பா, ஊசி. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக். அந்த மாடு செத்தால் அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் போய்விடும். 1992-லிருந்து 2007-க்குள் நம் நாட்டு வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. 2006-ல்தான் மாட்டு வைத்தியத்துக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மஞ்சள்முகமும் நாடு முழுக்கக் குறைந்தது. கிழிக்கிற அலகு, விழுங்குகிற கழுத்து, பொறுக்குகிற மூக்கு, இவ்வளவும் உருவாக எத்தனை லட்சம் வருடம்! எனக்கு வயிறு எரிகிறது.

பெரியப்பா: நம் லட்சுமிக்கும் அப்பா ஊசி போட்டார்

விஜயா அத்தை: லட்சுமியை விற்ற பணம் எங்கே போனது என்று இன்றுவரை கணக்கு வரவில்லை

பெரியப்பா: கூரை மாற்றினோம்

விஜயா அத்தை: ஒரு கூரைக்கா

தினேஷ் அண்ணன்: வேன்காரர் லைனில் இருக்கிறார். திருத்தணியா திருக்கழுக்குன்றமா

செல்வி சித்தி: திருத்தணி

பெரியப்பா: அம்மா சொல்கிற இடம்

விஜயா அத்தை: அம்மா தூங்கிவிட்டது

கயல்: திருக்கழுக்குன்றமே போகலாம் பெரியப்பா, ஆனால் ஆயா விஷயம் தெரிந்து வரட்டும். பரீட்சை முடிந்ததும் ஆயாவை மசினகுடி கூட்டிப்போகிறேன். மாயாறு பக்கம் செம்முகம், வெண்முதுகு, கருங்கழுத்து, மஞ்சள்முகம் நான்கும் இருக்கின்றன. சித்தப்பா, அந்த வீடியோவை மட்டும் நீக்கிவிடுங்கள்

சேகர் சித்தப்பா: ஆறு குழுவில் போட்டுவிட்டேன்

செல்வி சித்தி: மசினகுடிக்கு யார் செலவு

பெரியப்பா: தினேஷ், தாய்மாமனுக்குச் சொல்லியாகிவிட்டதா? அவர் மடியில்தானே உட்கார வைக்க வேண்டும்

தினேஷ் அண்ணன்: போன வருடத்திலிருந்து பேச்சு இல்லையே அப்பா. நீங்கள் யாராவது பெரியவர்கள் கூப்பிட்டால் நல்லது

விஜயா அத்தை: நான் இல்லை

சேகர் சித்தப்பா: 👍