புதிதாக வேலைக்குச் சேரும் பிசியோதெரபிஸ்ட்டுக்கு நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? – அனுபவப் பகிர்வு

திருப்பூரிலிருந்து (சொந்த கிளினிக், 19 ஆண்டுகள்)

எங்கள் தெருவில் இரவு எட்டரைக்கு மேல்தான் கூட்டம் சேரும். பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து, டிபன் பாத்திரப் பையோடு நேராக வருவார்கள். கழுத்து, தோள்பட்டை, இடுப்பு. டெய்லர்களுக்குக் கழுத்து என்றால் செக்கிங் பெண்களுக்குக் குதிகால். அவர்களுக்கு இருப்பது அரை மணி நேரம்தான். வீட்டில் போய் சமைக்க வேண்டும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் படிப்பை முடித்த கையோடு ஒரு தம்பி என்னிடம் சேர்ந்தார். நான்கு ஆண்டுப் படிப்பு, ஆறு மாதப் பயிற்சி, நல்ல மதிப்பெண். எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த நரம்பு அதற்குப் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவரிடம் நான் செய்த தவற்றைத்தான் முதலில் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் அதே தவற்றை நம்மில் பலரும் தினமும் செய்துகொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

ஓவர்லாக் டெய்லர் ஒரு அம்மா, வயது நாற்பதுக்குள் இருக்கும். வலது தோள்பட்டையில் வலி. கையில் டாக்டர் சீட்டு: ‘பி.ஏ. ஷோல்டர், ஐ.எஃப்.டி., எக்சர்சைஸ்’. உறைந்த தோள், ஐ.எஃப்.டி. என்ற கரண்ட் சிகிச்சை, பயிற்சி என்று அர்த்தம். தம்பி சீட்டில் இருந்ததை அப்படியே செய்தார். ஆறு நாள் ஐ.எஃப்.டி. வைத்தார், சுவரில் விரலால் ஏறும் பயிற்சி கொடுத்தார். கேஸ் ஷீட்டில் ஆறு நாளும் ஒரே வரி: ‘வலி அப்படியே’. ஏழாம் நாள் அந்த அம்மா என்னைப் பார்த்து, “கரண்ட் வைத்தும் குறையவே இல்லைங்க சார்” என்றார்.

நான் எழுந்து போனேன். அவருடைய முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இடது கை எவ்வளவு திரும்பியதோ, வலது கையும் அவ்வளவு திரும்பியது. தோள் உறைந்துபோனவர்களுக்கு முதலில் இறுகுவது இந்த அசைவுதான். அது முழுதாக இருந்தால் அது உறைந்த தோளே அல்ல. கழுத்தைப் பின்னால் சாய்த்து வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். “ஐயோ” என்று கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டார். வலி தோளில், வேர் கழுத்தில்.

அதோடு நின்றிருக்கலாம். நான் தம்பியைத் திரும்பிப் பார்த்து, அந்த அம்மாவின் முன்னாலேயே, “இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டாமா? ஆறு நாளாக எதற்கு வைத்தியம் செய்தாய்?” என்று கேட்டுவிட்டேன். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அடுத்த கட்டிலில் மெழுகு ஒத்தடம் எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் கூட நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் அந்த அம்மா தம்பியின் கட்டிலில் உட்காரவே இல்லை. “பெரிய சாரே பார்க்கட்டும்” என்று பெஞ்சில் காத்திருந்தார். அடுத்த மூன்று வாரம் தம்பி ஒவ்வொரு நோயாளிக்கும் என் மேஜைக்கு வந்து நின்றார். முழங்கால் வலிக்குக் கூட. “சார், இவருக்கு என்ன செய்யட்டும்?” தெரியாமல் கேட்கவில்லை, பயந்து கேட்டார். படிப்பு எல்லாம் இருந்தது, ஒரு நோயாளியின் கண்ணைப் பார்த்துப் பேசும் தைரியம்தான் போய்விட்டது. அதை எடுத்தது நான்.

இதைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. அந்த அம்மாவிடம் போய், “நான் செய்த சோதனைகள் எல்லாம் இந்தத் தம்பிக்கும் தெரியும்மா. இனி அவர்தான் பார்ப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்” என்றேன். ஓரத்தில் இருந்த ஸ்டூலில் இரண்டு நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்தேன். எனக்கு அது சுலபமாக இல்லை. அவர் ஒரு கேள்வியை விடும்போதெல்லாம் நாக்கு நுனியில் வந்து நிற்கும். ஆனால் விட்ட கேள்வியை நான்கு நிமிடம் கழித்து அவரே கேட்டார்.

இரண்டாம் நாள்தான் நானும் கேட்காத ஒன்றைத் தம்பி கேட்டார். “வேலை செய்யும்போது துணிக்கட்டு உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கும் அக்கா?” அந்த அம்மா செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். வலப்பக்கம், முழங்கால் உயரத்தில், ஒரு ஸ்டூல். அதில் வெட்டிய துணிகள். ஒவ்வொரு பீஸுக்கும் குனிந்து, வலப்பக்கம் கழுத்தைத் திருப்பி எடுக்க வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர், ஒரு நாளில் எத்தனை முறை திரும்பியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். “ஒரு வாரம் ஓய்வெடுங்கள்” என்று சொல்லத்தான் நாம் பழகியிருக்கிறோம். சனிக்கிழமை சம்பளத்தில் ஓடும் வீட்டில் அதற்கு அர்த்தமே இல்லை. தம்பி ஓய்வு பற்றிப் பேசவில்லை. டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்கும் பெண்ணிடம் சொல்லி ஸ்டூலுக்கு அடியில் இரண்டு அட்டைப்பெட்டி வைத்து உயர்த்தி, முன்பக்கமாக நகர்த்தச் சொன்னார். கழுத்துக்கு இரண்டே பயிற்சி, டீ இடைவேளையில் செய்யும்படி. பத்து நாளில் கட்டைவிரல் இழுப்பு நின்றது. அந்த அம்மா கடைசி நாள் தம்பியிடம்தான் சொல்லிவிட்டுப் போனார், என்னிடம் அல்ல. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு இரண்டு வழக்கங்களை வைத்துக்கொண்டோம். நோயாளி முன்னால் திருத்துவது கிடையாது. ஆபத்தாக ஏதாவது நடந்தால் மட்டும் நான் குறுக்கே வருவேன், அதுவும் “நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் பாருங்கள்” என்ற தோரணையில். இரண்டாவது, இரவு கடைசி நோயாளி போன பிறகு கால் மணி நேரம், அன்றைய கேஸ் ஷீட்டுகளில் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுவது. வியாழக்கிழமை முறை மாறும். நான் நோயாளியைப் பார்ப்பேன், தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து என் குறைகளை எழுதுவார். முதல் வியாழனே எழுதியிருந்தார்: ‘நோயாளி இரண்டாவது வாக்கியம் சொல்லும்போதே சார் குறுக்கிட்டார்.’ பத்தொன்பது ஆண்டுகளில் இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அந்தத் தாளை மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

மற்றவர்களும் எழுதுங்கள். நீங்கள் கற்றுக்கொடுத்ததை மட்டுமல்ல, உங்களுக்கு யார் எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதையும்.

மதுரையிலிருந்து (தனியார் கிளினிக்கில் 3 ஆண்டுகள்)

சார், நான் ஸ்டூலின் இந்தப் பக்கத்திலிருந்து, கற்றுக்கொண்டவளாக எழுதுகிறேன். என் மேடம் சேர்ந்த முதல் வாரத்தில் என்னை எந்த நோயாளியையும் தொட விடவில்லை. பேசத்தான் விட்டார். இடுப்பு வலி என்று யார் வந்தாலும், இருபது வயதானாலும் எழுபது வயதானாலும், சில கேள்விகளை விடாமல் கேட்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. எனக்கு மற்றவை வந்துவிட்டன. சிறுநீர், மலம், அந்தரங்க இடத்து உணர்வு பற்றிய கேள்விகள் மட்டும் வாயில் வரவே இல்லை. ஆண்களிடம் எப்படிக் கேட்பது? பாடப் புத்தகத்தில் இருப்பது ஆங்கிலத்தில்தான். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கல்லூரியில் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

மேடம் மதிய நேரத்தில் காலி அறையில் என்னை நிற்கவைத்து, அவர் நோயாளியாக உட்கார்ந்து, உரக்கக் கேட்கச் சொன்னார். முதல் நாள் குரலே எழும்பவில்லை. நான்காம் நாள் எங்களுக்கென்று ஒரு வாக்கியம் அமைந்தது: “இதை இடுப்பு வலி என்று வருகிற எல்லோரிடமும் கேட்கிறேன் அண்ணா. கழுவும்போது அந்த இடத்தில் உங்கள் கை படுவது வழக்கம்போலத் தெரிகிறதா? சிறுநீர் வருவது உங்களுக்கே தெரிகிறதா?” முதல் வாக்கியம்தான் முக்கியம் என்பார் மேடம். எல்லோரிடமும் கேட்பது என்று சொன்னால் கேட்பவருக்கும் கூச்சமில்லை, சொல்பவருக்கும் கூச்சமில்லை.

சேர்ந்து ஐந்தாவது மாதம். மேடம் வெளியூரில். மாட்டுத்தாவணியில் மூட்டை இறக்கும் அண்ணன் ஒருவர், டிஸ்க் விலகியிருப்பது ஏற்கெனவே தெரிந்தவர், “ட்ராக்‌ஷன் போட்டுவிடும்மா, வேலைக்குப் போகணும்” என்று வந்தார். இடுப்பை இழுத்துவிடும் அந்தச் சிகிச்சைக்கான பெல்ட்டைக் கையில் எடுத்துவிட்டேன். வழக்கம் என்பதால் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “நேற்று ராத்திரியிலிருந்து கை படுவதே தெரியவில்லைம்மா. வேறு யாரிடமும் சொல்லவில்லை” என்றார். இரண்டு காலிலும் மரமரப்பு. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை.

பெல்ட்டைக் கீழே வைத்தேன். கை நடுங்கியது. மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். “இது என்ன என்று உனக்குத் தெரியும். நீயே சொல்” என்றார். “காடா எக்வினா மேடம்” என்றேன். முதுகுத்தண்டின் அடியில் குதிரைவால் போலப் பிரிந்து தொங்கும் நரம்புக் கற்றை நசுங்குவது. மணிக்கணக்கில் தாமதித்தால்கூடச் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். “அப்புறம் ஏன் என்னிடம் பேசிக்கொண்டிருக்கிறாய்? கடிதம் எழுது, ஆட்டோ கூப்பிடு” என்றார்.

என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் பரிந்துரைக் கடிதம் அது. அரசு இராசாசி மருத்துவமனைக்கு அவரோடு அவருடைய தம்பியை அனுப்பினேன். ஸ்கேன் எடுத்து மறுநாள் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது மூட்டை தூக்குவதில்லை, ஒரு காய்கறிக் கடையில் கணக்கு எழுதுகிறார். அவர் என்னை எங்கே பார்த்தாலும் ஒரு கட்டு கறிவேப்பிலை கொடுக்காமல் விடுவதில்லை.

அன்று மேடம் விழுந்தடித்து ஓடி வந்திருந்தால் நான் இன்னும் போனைத் தேடும் ஆளாகவே இருந்திருப்பேன்.

சென்னையிலிருந்து (10 ஆண்டுகள், இப்போது வீட்டு விசிட் மட்டும்)

இரண்டையும் படித்தபோது பொறாமையாக இருந்தது. எனக்கு யாரும் ஸ்டூல் போட்டு உட்காரவில்லை. நான் முதலில் சேர்ந்த இடத்தில் மாதம் 9,000 ரூபாய். சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: பத்து சிட்டிங்குக்கு முன்பணம் வாங்காமல் நோயாளியை வெளியே விடாதே. மூன்றே நாளில் சரியாகிவிட்ட ஒரு கணுக்காலுக்கு மீதி ஏழு நாள் அல்ட்ராசவுண்ட் வைத்திருக்கிறேன். அந்தப் பையன் நொண்டாமல் நடந்து வந்து கட்டிலில் ஏறிப் படுப்பான். அதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

2021-இல் நம் தொழிலையும் சேர்த்து, மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்துவிட்டது, பதிவேடு வருகிறது, நல்லதுதான். ஆனால் படித்து முடித்த பிள்ளை தனியார் கிளினிக்கில் முதல் ஓராண்டு யாருடைய கண்பார்வையில் நிற்கிறது என்பது அந்தந்த முதலாளியின் மனசைப் பொறுத்தே இருக்கிறது.

திருப்பூர் சாரிடம் ஒன்று கேட்க வேண்டும், தவறாக நினைக்க வேண்டாம். இரவு கடைசி நோயாளி போன பிறகு என்றால் ஒன்பதரை, பத்து ஆகிவிடுமே. அந்தக் கால் மணி நேரம் யாருடைய நேரம்? ஒரு பெண் பிள்ளை வேலைக்குச் சேர்ந்தால் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டா கேஸ் ஷீட் பேசுவது? சொல்லிக்கொடுப்பதும் வேலைதான். அதற்கும் சம்பள நேரத்தில் இடம் வேண்டும்.

திருப்பூரிலிருந்து மீண்டும்

சென்னை நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றாமல் போனதற்குக் காரணம், தம்பி பைக்கில் வருபவர், பக்கத்துத் தெரு. இந்த மாதம் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் பல்லடத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். இரண்டு வாரமாக அவர் கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே அடிக்கடி கடிகாரத்தையும் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். கவனம் இல்லை என்று மனதுக்குள் குறைபட்டுக்கொண்டேன். இன்று காலை கேட்டேன். கடைசி பஸ் ஒன்பதே காலுக்காம்.

மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கிளினிக் பூட்டித்தான் கிடக்கிறது. மூன்றரைக்கே திறந்துவிடலாம், அந்த அரை மணி நேரம் நோயாளி கிடையாது, சம்பளக் கணக்கில் சேரும், அதற்கு ஈடாக இரவு அரை மணி முன்னதாகக் கிளம்பலாம் என்று இருவரிடமும் சொல்லியிருக்கிறேன். திங்கள்கிழமை முதல். முதல் கேஸ் ஷீட்டை அந்தப் பெண்ணையே எடுத்து வைக்கச் சொன்னேன். மதுரைத் தங்கையின் மேடம் போல, அந்தக் கேள்விகளை உரக்கக் கேட்கவைப்பதிலிருந்து தொடங்கப் போகிறோம். நோயாளியாக உட்காரப் போவது தம்பி.