வள்ளி கும்மி பழகியவர்களே, ஒரு யோசனை சொல்லுங்க

எல்லோருக்கும் வணக்கமுங்க. காங்கயம் பக்கத்தில் ஒரு கிராமம், வயது 43. நாலு மாதமாக எங்கள் ஊர்க் கோயில் வாசலில், வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடுகிற வள்ளி கும்மி பழகுகிறேன். பங்குனியில் அரங்கேற்றம்.

போன வாரம் ஆசிரியர் ஆட்டத்தை நிறுத்தி, "அம்மணி, காலு முந்துது, கை பிந்துது, கவனிங்க" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. சின்னப் பிள்ளைகள் எல்லாம் சரியாக ஆடும்போது நமக்கு இது வருமா என்று இரண்டு நாள் போகவில்லை.

அப்புறம் மகள் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. எல்லா இடத்திலும் இல்லை. உள்பக்கம் குனிந்து தட்டிவிட்டுத் திரும்புகிற அந்த ஒரு இடத்தில் மட்டும் என் கை அரைத் தட்டு பிந்துகிறது. மற்ற அடவெல்லாம் சுத்தம். இது தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது.

பெரும்பாலும் ஆண்களே ஆடிவந்த வள்ளி கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த கோவை பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் 87 வயதில் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதை நினைத்தால் விட்டுவிட மனசு வரவில்லை.

நாற்பதுக்கு மேல் பழகியவர்கள் இருந்தால் சொல்லுங்க: அந்தத் திருப்பத்தை வீட்டில் தனியாக எப்படிப் பழகினீர்கள்? பாட்டை மெதுவாக ஓடவிட்டா, வாயால் தாளம் சொல்லியா? "இன்னும் எங்கே தப்புங்க?" என்று ஆசிரியரிடம் நானே போய்க் கேட்கலாமா?