தேவாரத்தை ரூமி எழுத்தில் எழுதிக் கொடுக்கலாமா?

ஞாயிறு வகுப்பு:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்துக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தேவாரம் சொல்லித் தருகிறேன். கித்தா (ரப்பர்) மரமெல்லாம் போய் இப்போது செம்பனை. லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்துவிட்டார்கள், ஆட்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மாரியம்மன் மட்டும் அங்கேயே இருக்கிறாள். வகுப்புக்கு 18 பிள்ளைகள் வருகிறார்கள். அதில் 11 பேர் மலாயில் பாடம் நடக்கும் தேசியப் பள்ளி. தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. போன வருடம் அவர்களுக்காகப் பதிகங்களை ரூமியில், அதாவது மலாய் எழுதும் ஆங்கில எழுத்தில், தட்டச்சு செய்து கொடுத்தேன். தாளைப் பார்த்துப் பாடுகிறார்கள். இப்போது கோயில் கமிட்டியில் ஒரு பெரியவர், இது தமிழுக்குச் செய்யும் துரோகம் என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரமாக அந்தச் சொல் மனதை விட்டுப் போகவில்லை. பிள்ளை முதலில் கோயிலுக்குள் வரட்டும், எழுத்து அப்புறம் வரும் என்பதுதான் என் எண்ணம். தவறா?

கித்தாக்காடு:
அம்மா, துரோகம் என்பது பெரிய சொல். அதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் தவறுதான். முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தவன் சொல்கிறேன்.

ரூமியில் குறில் நெடில் கிடையாது. கல், கால் இரண்டும் ஒன்று. மலை, மாலை, மழை மூன்றையும் பிள்ளை ஒரே மாதிரிதான் வாசிக்கும். சம்பந்தர் பாட்டு ‘தோடுடைய செவியன்’ என்று தொடங்குகிறது. அதை ரூமியில் பார்க்கும் பிள்ளைக்கு அது தோடா தொடுவா? பண்ணே குறில் நெடிலை நம்பித்தான் நிற்கிறது. அது போனால் மிஞ்சுவது ராகத்தின் நிழல்.

பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளைப் பாருங்கள். அரபு மொழி அவர்களுக்குப் புரியாது, இருந்தும் அலிப், பா, தா என்று எழுத்திலிருந்துதான் குர்ஆன் ஓதத் தொடங்குகிறார்கள். சீக்கியர்கள் குருத்துவாராவில் குர்முகி எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். வேதத்தை அதன் எழுத்தில் படிப்பது பிள்ளைக்குப் பாரம் என்று அவர்கள் நினைக்கவில்லை. நாம் மட்டும் ஏன் நம் பிள்ளைகளால் முடியாது என்று முதலிலேயே முடிவு செய்கிறோம்?

லயத்துப் பிள்ளை:
ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. என் பாட்டி ரப்பர் பால் வெட்டியவர். சம்பள நாளில் கைநாட்டு. ஆனால் மாரியம்மன் தாலாட்டு முழுக்க மனப்பாடம். விடிகாலைப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் பெயர் கூப்பிடுவதற்கு) போகும்போது முணுமுணுத்துக்கொண்டே நடப்பார். கப்பலேறி வந்தவர்களில் பலருக்கு எழுத்தே தெரியாது. சாமியையும் பாட்டையும் காதிலும் வாயிலும்தான் கொண்டுவந்தார்கள். மொழி என்பது ஒலி, எழுத்து அதற்குப் போட்ட சட்டை.

சட்டை மாறியும் இருக்கிறது. பழைய ஓலைகளில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வேறுபாடு கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் செய்த திருத்தம் அது. குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று இலக்கணம் சொன்னாலும், ஓலை கிழியும் என்று பெரும்பாலும் வைக்காமல் விட்டார்கள். அப்படியென்றால் அந்த ஓலையில் தோடும் தொடுவும் ஒன்றுதான். அதை வைத்துத்தான் பல நூறு வருடம் தேவாரம் பாடினார்கள். மலாய் மொழி ஜாவி என்ற அரபு வகை எழுத்திலிருந்து ரூமிக்கு வந்தது. 1963 தேசிய மொழிச் சட்டமே ரூமிதான் எழுத்து என்கிறது. மலாய் அழிந்துவிட்டதா?

கித்தாக்காடு:
நல்ல கேள்வி தம்பி. பதில் சொல்கிறேன்.

அந்த ஓலையை வாசித்தவருக்குத் தமிழ் மூச்சு மாதிரி. கொம்பு இல்லாவிட்டாலும் எது தோடு, எது தொடு என்று அவர் காது சொல்லிவிடும். உங்கள் பாட்டிக்கும் அதேதான். காலைப் பிரட்டிலிருந்து ராத்திரி லயத்து வாசல் பேச்சு வரை அவரைச் சுற்றி தமிழ்தான். அந்தச் சூழல் இருக்கும்வரை எழுத்து இல்லாமலும் மொழி பிழைத்தது. இந்த 11 பிள்ளைகளுக்கு அந்த லயம் எங்கே? பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம், வீட்டில் பாதித் தமிழ். காது செய்த வேலையை இனி எழுத்துதான் செய்ய வேண்டும்.

மலாய் ரூமிக்கு மாறியபோது பள்ளிகள், பத்திரிகைகள், அரசாங்கம் எல்லாம் கூடவே மாறின. மலாய்ப் பிள்ளை ரூமி கற்றால் ஒரு நூலகமே திறக்கும். ரூமியில் தேவாரம் படிக்கிற நம் பிள்ளைக்கு அந்த ஒரு தாளைத் தவிர படிக்க வேறு என்ன இருக்கிறது? தாள் கிழிந்தால் எல்லாம் முடிந்தது. 1554இல் லிஸ்பனில் தமிழை முதன்முதலாக அச்சடித்தபோது ரோமன் எழுத்தில்தான் அடித்தார்கள், அதுவும் சமயப் பாடத்துக்காக. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தையே வார்த்து அச்சிட்டார்கள். வெளியிலிருந்து வந்த பாதிரிமார்களே, தமிழரிடம் போய்ச் சேர இந்த எழுத்து வேண்டும் என்று உழைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. 1912 தொழிலாளர் சட்டத்தில், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று வந்தது. என்ன பள்ளி? பல இடங்களில் கிராணியோ (தோட்டத்து எழுத்தர்) கங்காணியோதான் வாத்தியார். பிள்ளைக்கு வெட்டுக்கத்தி பிடிக்கும் வயது வந்தால் படிப்பு முடிந்தது. அந்த அரைகுறைப் பள்ளிகூட ‘அ’ போடச் சொல்லித் தந்தது. நாம் அதைக்கூடத் தராமல் விடலாமா?

கேள்விக்காரன்:
இரண்டு பேரும் ஒரு விஷயத்தைக் கேட்காமலே ஏற்றுக்கொண்டீர்கள். தமிழைக் காப்பது ஏன் கோயிலின் வேலை? இதே ஊரில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், தமிழ் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். எழுத்துப் பாடம் சன்னதியில்தான் நடக்கும் என்றால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தியவர் தனிநாயகம் அடிகள், ஒரு கத்தோலிக்கத் துறவி. 1929இலும் 1954இலும் மலாயாவுக்கு வந்த பெரியார் கடவுள் இல்லை என்றவர், இன்று நாம் எழுதும் ‘லை’, ‘னை’ வடிவங்களை 1935இலேயே தம் பத்திரிகையில் அச்சிட்டவர். தமிழ் எல்லாருக்கும் உரியது. பிள்ளைகளுக்கு முதலில் அவர்கள் பெயரை எழுதச் சொல்லிக் கொடுங்கள், வகுப்பை பாலாய்ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) வையுங்கள்.

லயத்துப் பிள்ளை:
அண்ணே, பாலாய்ராயாவில் வைத்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் வருவார்கள்? கோயிலில் பொங்கல் கிடைக்கும், கூட்டாளி இருப்பான், அதனால் வருகிறார்கள். எங்கே கூடுகிறார்களோ அங்கேதான் சொல்லித் தர முடியும்.

கேள்விக்காரன்:
அதுதான் என் கவலையும். கூடுவதற்கு வேறு இடமே இல்லாமல் போய்விட்டது.

ஈப்போ மருமகள்:
நான் அந்த 11 பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். ஆறாம் வகுப்பு மலாய்த் தேர்வில் தேறவில்லை, இடைநிலைப் பள்ளிக்கு முன் மலாய் தேறுவதற்கான ரிமூவ் வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தேன். என்னோடு தொடங்கிய சீனப் பிள்ளைகளில் நன்றாகச் செய்தவர்களும் மலாய்ப் பிள்ளைகளும் நேராக இடைநிலைப் பள்ளிப் படிவம் ஒன்றுக்குப் போனார்கள். அந்த ஒரு வருடம் தலைகுனிந்து நடந்தது இன்னும் மறக்கவில்லை. என் மகளுக்கு அது வேண்டாம் என்றுதான் தேசியப் பள்ளியில் சேர்த்தேன். தமிழ் மேல் ஆசை இல்லாமல் இல்லை ஐயா. கமிட்டியில் துரோகம் என்ற சொல் வந்தபோது என்னைச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

டீச்சர் கொடுத்த தாளை மகள் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறாள். தட்டு மங்கு கழுவும்போது பாடுவாள். போன வாரம் கேட்டாள்: “அம்மா, சாமி யாரைத் தொடுறாரு?” எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் தாளை எடுத்துப் பார்த்தேன். இத்தனை மாதமாக ‘தொடுடைய செவியன்’ என்றுதான் பாடியிருக்கிறாள். காதில் போடும் தோடு என்று என் தோட்டைக் கழற்றிக் காட்டினேன். ஒரு காதில் மட்டுமா போட்டிருக்கிறார், ஏன் என்று கேட்டாள். பாதி அம்மன் என்று சொன்னேன். அப்புறம் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். ரூமித் தாள் இல்லாவிட்டால் அந்தப் பேச்சே வந்திருக்காது. அது தப்பாகச் சொல்லிக் கொடுத்ததும் உண்மைதான். இதில் யார் பக்கம் சேர்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு வகுப்பு:
அந்தத் தாளைத் தட்டச்சு செய்தது நான். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து பாடும்போது அது என் காதில் விழவே இல்லை. மன்னித்துவிடு தங்கச்சி.

கித்தாக்காடு ஐயா, அந்த ஒரு தாளைத் தவிர படிக்க என்ன இருக்கிறது என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வரும் ஞாயிறு முதல் பாட்டுக்கு முன் அரைமணி நேரம் எழுத்து. கேள்விக்காரன் சொன்னபடி அவரவர் பெயரிலிருந்து தொடங்குகிறேன். பெயர் எழுதும் நேரத்துக்கு எந்தச் சமயத்துப் பிள்ளையும் வரலாம் என்று கமிட்டியில் கேட்பேன். ஆனால் ரூமித் தாளை நிறுத்த மாட்டேன். தமிழ் வரி மேலே பெரிதாக, ரூமி கீழே சிறிதாக.

கித்தாக்காடு:
இரண்டையும் ஒரே தாளில் போடாதீர்கள் அம்மா. கண் எப்போதும் தெரிந்த வரிக்குத்தான் போகும். வகுப்பில் நான் பார்த்தது இது. ரூமியைத் தனித்தாளில் கொடுங்கள், மூன்று மாதத்தில் திரும்ப வாங்குங்கள்.

ஞாயிறு வகுப்பு:
வாங்க மாட்டேன் ஐயா. தாளைப் பிடுங்கினால் நாலு பேர் வருவதை நிறுத்திவிடுவார்கள். எழுத்து வந்த பிள்ளை தானாகக் கீழே பார்க்காது.

கித்தாக்காடு:
பார்க்கும். சரி, நான் ஈப்போவில்தான் இருக்கிறேன். ஞாயிறு காலை வருகிறேன், அந்த அரைமணி நேரத்தை என்னிடம் கொடுங்கள். தாள் விஷயம் அங்கே வந்து பேசுகிறேன்.

ஈப்போ மருமகள்:
மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். தோடு எழுதுவதற்கு ஒற்றைக்கொம்பா, இரட்டைக்கொம்பா?

கித்தாக்காடு:
இரட்டைக்கொம்பு, த, கால். பக்கத்தில் ‘டு’. எழுதி ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொல்லுங்கள்.