புதுப்பிப்பு: அப்பாவின் கணினிக்கு ஃபயர்வால் முடிவாயிற்று

மன்னார்குடி வீட்டில் அப்பா பயன்படுத்தும் விண்டோஸ் 11 கணினிக்குக் காசு கொடுத்து ஃபயர்வால் (கணினிக்கும் இணையத்துக்கும் நடுவே போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் காவல் மென்பொருள்) வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாங்கவில்லை. விண்டோஸோடு வருவதே போதும் என்று விட்டுவிட்டோம். 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 என்ற புதுப்பிப்பு வந்ததிலிருந்து அது தானாகவே இயங்கும் நிலையில்தான் வருகிறது. நாம் கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுத்துவிடும்.

ஆனால் உள்ளேயிருந்து வெளியே போவதை வழக்கமாகத் தடுக்காது. மதகை ஒரு பக்கம் மட்டும் அடைத்த மாதிரி. அதற்கென்று ஒவ்வொரு நிரலுக்கும் அனுமதி கேட்கும் ஃபயர்வால்கள் இருக்கின்றன. சரி, கேட்டால்? அப்பா படிக்காமலே ‘அனுமதி’யை அழுத்துவார். அதனால் அவருக்கு நிர்வாகி உரிமை (கணினி முழுவதையும் மாற்றும் அதிகாரம்) இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்று போட்டுக் கொடுத்தேன். இதுதான் உருப்படியான வேலை என்பேன்.

அப்புறம் ரவுட்டர். கேபிள்காரர் வைத்துவிட்டுப் போன கடவுச்சொல்லை மாற்றி, யுபிஎன்பி (UPnP) என்ற வசதியையும் அணைத்தாயிற்று. நிரல்கள் நம்மைக் கேட்காமல் ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழி, திறப்பது அதன் வழியாகத்தான்.

உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) பற்றிக் கேட்ட தம்பிக்கு: அதில் யுஎஃப்டபிள்யூ (UFW) என்ற ஃபயர்வால் கூடவே வரும், ஆனால் நாம்தான் இயக்கிவிட வேண்டும்.